ஒரு மைல் செம்மண்

கவிழ்ந்து கிடந்த ஜீப்பின் முன்சக்கரம் ஒன்று வானத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அத்தானை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அவருடைய முகம் அல்ல, அந்தச் சக்கரம்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத டயர். கட்டை கட்டையாகப் புடைத்து நின்ற அதன் ரப்பர்ப் பூக்களில் ஒரு துளி சேறுகூட ஒட்டியிருக்கவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். நான் அதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். எழுபதுகளின் கடைசியில், தோட்ட நிர்வாகம் கழித்துப் போட்ட பழைய ஜீப் ஒன்றை அவர் வாங்கினார். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள், மேலே கித்தான் கூரை. அக்கா, மூன்று பிள்ளைகள், நான் என்று எல்லாரும் அதில் அடைந்துகொள்ளலாம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சொந்தமாக நாலு சக்கர வண்டி வைத்திருந்த முதல் குடும்பம் நாங்கள்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

வாங்கிய கையோடு அத்தான் அதைப் பிரித்துப் போட்டார். லோரியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஸ்பிரிங் பட்டைகளைத் தேடி எடுத்து, ஜீப்பின் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினார். ஸ்பிரிங்கை வண்டியோடு பிணைக்கும் இரும்புத் துண்டுகளையும் நீளமாகச் செய்து மாட்டினார். வண்டி ஏறக்குறைய ஒரு சாண் எழும்பிவிட்டது. அக்கா ஏறுவதற்கு முக்காலி வேண்டியிருந்தது. நான் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தேன். லயம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. "ஒட்டகம் தண்ணி குடிச்சிருச்சாண்ணே?" என்று பெண்கள் கொழுந்துக் கூடையோடு போகிற போக்கில் கேட்பார்கள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

டயர் வாங்க மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியபோது நானும் போயிருந்தேன். கடை முதலாளியான தவுக்கே, வயதான சீனர், இரண்டு டயர்களை உருட்டி வந்து எங்கள் முன் சாய்த்து வைத்தார். ஒன்று தார் ரோட்டுக்கானது, நெருக்கமான கோடுகள் போட்டது. மற்றது சேற்றுக்கானது, விரல் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி விட்ட பூக்கள். எவ்வளவு தூரம் தாரில் போவாய், எவ்வளவு தூரம் மண்ணில் போவாய் என்று மலாயில் கேட்டார். தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வர ஒரு மைல் செம்மண், அப்புறம் டவுனுக்குப் பத்து மைல் தார் என்றார் அத்தான். தவுக்கே தார் டயரை அவர் பக்கம் தள்ளினார். மழையில் அந்தப் பெரிய பூ தாரைப் பிடிக்காது, வண்டி வேறு இவ்வளவு உயரம் என்று கையைச் சாய்த்துக் காட்டினார்.

"எனக்கு அந்த ஒரு மைல்தான் வேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அத்தான் சேற்று டயரைத் தூக்கினார். எனக்கு அது வெறும் பந்தாவாகத்தான் பட்டது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிஞ்சாங் டவுனில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி வந்தது. அத்தான் பிரேக்கை அழுத்தினார். சோப்பு நுரைமேல் வைத்ததுபோல் வண்டி வழுக்கியது. அப்புறம் நிதானமாக, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், சரிவில் இருந்த தேயிலைச் செடிகள்மேல் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. செடிகள் தாங்கியிருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கித்தானைக் கிழித்து, மூத்த பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அக்காவின் இடது கை முழங்கைக்குக் கீழே வேறொரு திசையில் தொங்கியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. "சின்னவ எங்கடி? சின்னவ எங்க?" என்று என்னைப் போட்டு உலுக்கினாள். நாலு வயதுக் குழந்தை இரண்டு வரிசை தள்ளி, ஒரு தேயிலைச் செடியின் மேல் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. சத்தம் இல்லை. நான் ஓடிப்போய்த் தூக்கிய பிறகுதான் வீறிட்டாள். அந்த அழுகையைவிட இனிமையான சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அத்தான் மட்டும் எங்களிடம் வரவில்லை. நனைந்த ரோட்டின் நடுவில் உட்கார்ந்து, தாரைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேறு இல்லையே... இங்க சேறே இல்லையே..." என்று முனகினார். அடிபட்டு மூளை கலங்கிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாவுக்கட்டுப் போட்ட பிறகு, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவராகவே பேசினார்.

"எங்கம்மா செத்தது நம்ம செம்மண் ரோட்டுலதான். பள்ளத்துல. புள்ள வலி வந்து லோரில ஏத்திட்டுப் போனாங்க. லோரி சேத்துல பொதஞ்சிருச்சு. எனக்கு எட்டு வயசு. தேயிலைக் கொப்ப ஒடிச்சு ஒடிச்சு சக்கரத்துக்கு அடியில போட்டேன். நகரவே இல்ல. அம்மா சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம். அவளுக்கே தெரியாது. அந்தப் பள்ளத்தைத் தினமும் மூன்று முறை லோரியில் கடந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானோ அவர் பயத்துக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்து, ஊரைச் சிரிக்க வைத்திருந்தேன்.

அக்கா சொன்னாள்: "என்னாங்க, சேறு ஒரு மைலு. தாரு பத்து மைலு. எம்புள்ளைங்க ரெண்டுலயும் உசுரோட போவணும்."

வீடு திரும்பியதும் அத்தான் வேலையைத் தொடங்கினார். சேர்த்த பட்டைகளையெல்லாம் கழற்றி, வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கினார். தாப்பாவுக்குப் போய்த் தார் டயரை மாட்டிக்கொண்டு வந்தார். தவுக்கே சொன்ன யோசனைப்படி, சக்கரத்தில் சுற்றுகிற இரும்புச் சங்கிலி ஒரு ஜோடி வாங்கிச் சாக்கில் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்தார். மண்ணுக்குச் சங்கிலி, தாருக்கு டயர்.

அந்த வருடக் கடைசி மழையில், பக்கத்து லயத்துப் பெண் ஒருத்திக்கு மத்தியானம் வலி கண்டது. தோட்டத்து லோரி எதுவும் பள்ளத்தைத் தாண்ட முடியாத நாள். அத்தான் சங்கிலியைச் சுற்றியபோது நான் குடை பிடித்தேன். கொக்கி இரண்டு முறை நழுவியது. பள்ளத்தில் நிற்காமல் போனோம். தார் வந்ததும் சங்கிலியைக் கழற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் ஆண் பிள்ளை.

இன்று அந்த மைல் முழுக்கத் தார். பள்ளத்தை மேடாக்கிவிட்டார்கள். விடுமுறையில் பிரிஞ்சாங்குக்கு வரும் குடும்பங்கள், உயர்த்திய வண்டிகளில், பெரிய பூப்போட்ட டயர்களோடு அதைக் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகின்றன. அத்தான் போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு மட்டும் இன்னும் திக்கென்கிறது.

அந்தப் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வண்டியில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். செம்மண் தொடங்கும் இடத்தில் மறுபடியும் சங்கிலியைச் சுற்றினார். பள்ளத்தின் நடுவில், சேறு ஆழமாக இருந்த இடத்தில், திடீரென்று வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார்.

"ஐயோ அத்தான், இங்க போய் நிப்பாட்டுறீங்களே! பொதஞ்சிரும்!"

"நிக்கட்டும் டீச்சர்."

இறங்கிக் கணுக்கால் சேற்றில் நின்றார். மழை அவர் தலையில் கொட்டியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிடவும் பயமாக இருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். சங்கிலி மண்ணைக் கவ்வியது. வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு மேலேறியது.

"கெளம்பிருச்சும்மா" என்றார்.

என்னை அவர் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.