நைனா புடவை கட்டிக்கிட்டு வந்த நாள்

இன்னிக்கு மயிலாப்பூர்ல பஸ் ஏறினதும் நைனா நான் எழுதின என் வாழ்க்கைக் கதை புத்தகத்தைப் பிரிச்சார். அடையாறு வர்ற வரைக்கும் ஒரே பக்கத்துல கண்ணு. மேடையில கூட எனக்கு இப்படி வேர்த்ததில்ல.

நாடகத்துல பொம்பள வேஷம் கட்டி என்னை வளர்த்தவர். எனக்கு அம்மா இல்ல. ஸ்கூல்ல அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னப்போ, புடவை கட்டிக்கிட்டு அவரே வந்தார். அம்மான்னே நம்பி டீச்சர் ஏமாந்துட்டாங்கன்னு அந்தப் பக்கத்துல அவரைக் கேட்காமலே எழுதிட்டேன்.

மானத்தை வாங்கிட்டேனோ?

"தப்பா எழுதிக்கீறம்மா."

"இன்னா நைனா?"

"டீச்சர் ஏமாறல. கிளம்பும்போது, 'முந்தானை நழுவுது, இந்த ஊக்கைக் குத்திக்கோங்க சார்'னாங்க."

ஏமாந்தது நான் மட்டும்தான். புக்கு அச்சாகி கடைக்கும் போயாச்சு. இனிமே அந்த ஊக்கை எந்தப் பக்கத்துல குத்துறது, சொல்லுங்க மக்களே.