சித்தப்பா போட்ட நாற்காலி

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் நைனார்பாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்ட வாரம், எங்கள் தெருவில் ஆம்பிளை முகத்தையே பார்க்க முடியவில்லை. வெட்டியவர்களும் வெட்டாதவர்களும் பேதமில்லாமல் கரும்புக் கொல்லைகளில் பதுங்கிக்கிடந்தார்கள். ஜீப் வந்து கேட்டால், எல்லாரும் வெள்ளிமலைக்குக் கூலி வேலைக்குப் போயிருப்பதாகப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மலையில் அத்தனை பேருக்கும் அப்படி என்ன வேலையோ, போலீசும் கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த சித்தப்பா மட்டும் பதுங்க மறுத்துவிட்டார். "நான் இன்னா தப்பு பண்ணேன், ஓடி ஒளியறதுக்கு? அங்கெல்லாம் போலீசப் பாத்து யாரும் ஓட மாட்டாங்க. புள்ளைங்களுக்கு வழி தெரியலன்னாகூட அவங்களாண்டதான் போய் நிக்கும்" என்றார். ஜீப் வந்தபோது வாசலில் நாற்காலி போட்டு அவர்களை உட்காரச் சொன்னார், பாஸ்போர்ட்டைக் காட்டினார். அவர்களும் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது. எட்டு வயதான எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை தூக்குச்சட்டியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஏரி மதகருகே ஒரு போலீஸ்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இவ்ளோ சோத்த யாருக்கும்மா எடுத்துக்கினு போற?"

சிரித்த முகம். சித்தப்பா சொன்னது சரிதான் என்று தோன்றியது. "அப்பாவுக்கு" என்று கொல்லைப் பக்கம் கையைக் காட்டினேன். டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார். அதற்குள் சைக்கிள் போய்விட்டது.

மதியத்துக்குள் அப்பாவையும் கூட இருந்த இருவரையும் அடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

"நாற்காலி போட்டப்பவே நெனச்சேன்" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "இன்னா தம்பி சொன்ன அவங்களாண்ட?" சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பின் அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினைந்து நாள் கழித்து ஜெயிலிலிருந்து வந்த அப்பாவும் தம்பியோடு பேசவில்லை. விடுப்பு ஒரு மாதம் மிச்சமிருந்தும் சித்தப்பா பெட்டியைக் கட்டினார்.

வழியனுப்ப நான் ஒருத்திதான் போனேன். பஸ் வந்ததும் குனிந்து, "பாப்பா, அன்னிக்கு மதகாண்ட போலீசு கேட்டத யாராண்டயும் சொல்லாத. அம்மாவாண்டகூட" என்றார்.

தன் குற்றத்தை மறைக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று அந்த வயதிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். தலையைத் தடவ வந்த அவர் கையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.