பாக்டீரியா வளர்த்த புவனேஸ்வரி

பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் வாழையிலை போட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தபோது சேகரன் அழைத்தார். "அக்கா, புவனாக்கா காலையில போயிட்டாங்க. ஹார்ட்டு." அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கிள்ளான் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அந்த அழுகையின் காரணம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கோழித் தீவனத்தில் கலக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்தோம். அதை உண்டாக்குவது பாக்டீரியா. சாதாரண பாக்டீரியா தன் தேவைக்குச் சேர்ந்ததும் நிறுத்திவிடும். எங்களுடையது மரபணு மாறிய வகை; நிறுத்தாமல் செய்து, மிச்சத்தை வெளியே தள்ளும். அந்த வகையைக் கெடாமல் காப்பது புவனாவின் பொறுப்பு. "இதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது லா. அதான் நமக்குச் சோறு போடுது," என்பார்.

ஒருமுறை, பாக்டீரியா வளரும் தொட்டிகளில் லைசின் அளவு சரிந்துகொண்டே போனது. சரியாகக் கழுவாததால் வேறு கிருமி புகுந்துவிட்டது என்றார் மேலாளர். கழுவியவர் சேகரன். காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வேலை போய்விடும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டோம்.

"நல்லாத்தான் கழுவினேன் அக்கா, சத்தியமா."

"கொஞ்சம் பொறுங்க சேகரன், பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் புவனா.

எங்கள் வகை தானே செய்துகொள்ள முடியாத, ஆனால் அதற்குக் கட்டாயம் வேண்டிய ஒரு சத்தைச் சேர்க்காமல் வளர்ப்புத் தட்டு தயாரித்து, தொட்டித் திரவத்தை அதில் தடவினார். எங்கள் பாக்டீரியா அங்கே வளரக் கூடாது. ஆனால் தட்டு முழுக்க வளர்ந்திருந்தது.

"வேற கிருமியா?" என்றேன்.

எல்லாச் சோதனையும் முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நம்மளோடதுதான். பழைய குணத்துக்குத் திரும்பிருச்சு. போதும்னு நிறுத்திக்குது."

அடுத்து, தொட்டிகளுக்குக் கொடுக்கத் தான் வளர்த்து வைத்திருந்த குழாய்களைச் சோதித்தார். அவற்றிலும் அதே கதை. வேலை நெருக்கடியில், உறைபெட்டியிலிருந்த மூல வகையை எடுக்காமல், வளர்ந்ததிலிருந்தே திரும்பத் திரும்ப வளர்த்திருந்தார். அப்படிச் செய்தால் பழைய குணத்துக்குத் திரும்பியவை பெருகிவிடும்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்றார். "தொட்டியில தப்பு இல்ல சார். நான் வளர்த்துக் கொடுத்ததுலதான் தப்பு. சேகரனை விட்ருங்க."

"யோசிச்சுப் பேசுங்க. உங்க புரமோஷன் நேரம் இது."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன், சார்."

மூல வகையிலிருந்து அவரே மறுபடி வளர்த்தார், லைசின் ஏறியது. சேகரன் வேலையில் நீடித்தார். பதவி உயர்வு மட்டும் வேறொருவருக்குப் போனது. அன்று கார் நிறுத்துமிடத்தில் புவனா அழுததைப் பார்த்தேன். "வருத்தமாத்தான் இருக்கு லா. ஆனா ராத்திரி நிம்மதியா தூக்கம் வருது," என்றார்.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது கெட்டுப்போய், எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது, என் வேலையை முதலில் சோதிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் நடுங்குகிறது. புவனாவுக்கும் நடுங்கித்தான் இருக்கும். நடுக்கத்தோடும் எழுந்து நிற்கலாம் என்பது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.