லம்துவன் பெயரில் செத்த பூனைகள்

லம்துவன் தன் வாழ்நாளில் ஒரு பூனைகூட வளர்த்ததில்லை. ஆனால் பாங்காக்கின் தோன்புரிப் பேட்டையில் அவள் வேலை பார்க்கும் பிராணிகள் மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டினால், நாற்பதுக்கு மேற்பட்ட பூனைகளுக்கும் ஏழு முயல்களுக்கும் ஒரு ஹாம்ஸ்டருக்கும் அவள்தான் சொந்தக்காரி. எல்லாம் அவளுக்குச் சொந்தமான அன்றைக்கே செத்தவை.

விஷயம் இதுதான். கிழட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் போய், வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கும். இனி வதைக்க வேண்டாம், கடைசி ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்வார். அதற்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் பாங்காக்கின் பக்திமான்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். உயிரை எடுத்த பாவம் யார் தலையில் விடியும்? அதற்கு யாரோ ஒரு புத்திசாலி வழி கண்டுபிடித்து, அது பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. பூனையை நர்ஸுக்குத் தானமாகக் கொடுத்துவிட வேண்டியது. கொடுத்தவருக்குத் தானம் செய்த புண்ணியம், கையெழுத்துப் போட்டவளுக்குக் கொன்ற பாவம்.

லம்துவன் பதினெட்டு வயதில் வடகிழக்கு மாகாணமான சகோன் நகோனிலிருந்து வந்தவள். இப்போது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷமாக இதே மருத்துவமனை; கூண்டு கழுவுவதில் ஆரம்பித்து, எந்த முரட்டுப் பூனையையும் ஒரு துண்டை வைத்து அமுக்கிவிடும் அளவுக்குத் தேறிவிட்டாள். கட்டியவன் ஒருநாள் மீன் சாஸ் வாங்கிவரப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவன் மேல் அவளுக்கு இருக்கும் மரியாதைகூட, கூடையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வரும் புண்ணியவான்கள் மேல் கிடையாது.

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று டாக்டர் சனோன் ஒருமுறை கேட்டார். அவருக்கு அவள் வயதில் பாதிதான்.

"எதுக்கு டாக்டர் பயம்? நரகத்துக்குப் போனா நாப்பது பூனை வந்து மடியில உக்காரும். இவங்களுக்கு சொர்க்கத்துல யாரு இருக்கா?"

இந்தப் புண்ணியவான்களில் தலைசிறந்தவள் பிரபாய். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பிறந்தநாள்தோறும் சந்தையில் விலாங்கு மீன் வாங்கிப் புண்ணியத்துக்காக உயிரோடு ஆற்றில் விட்டு, அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவள். அவளுடைய பூனை புவாலோய்க்குப் பத்தொன்பது வயது, இரண்டு கண்ணும் தெரியாது. மூன்று வாரமாகத் தினமும் தூக்கிக்கொண்டு வந்து, தோலுக்கடியில் நீர் ஏற்றிக்கொண்டு போனாள். ஊசி குத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். குரலை மட்டும் மெலிதாக்கி, "அம்மா இங்கதான இருக்கேன், என் பட்டு, என் சின்னக் கொழுக்கட்டை" என்று கொஞ்சுவாள். கேட்டாலே லம்துவனுக்குப் பல் கூசும். ஆனால் பூனைக்கு அது போதும். அதன் நடுக்கம் அடங்கிவிடும்.

டாக்டர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். முதல் வாரம் விரத நாள் என்றாள். அடுத்த வாரம், தான் பிறந்த கிழமை, அன்றைக்கு ஓர் உயிர் போகக் கூடாது என்றாள். மூன்றாவது வாரம் பிக்குவிடம் கேட்டுவிட்டு வந்தாள். பூனை தன் வினையைத் தானே அனுபவித்துத் தீர்க்கட்டும் என்று அவர் சொன்னாராம். அனுபவித்தது பூனை. ஆறுதல் மட்டும் டீச்சருக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் பூனை மூச்சுக்குத் திணறியது. பிரபாய் கூடையை மேசையில் வைத்துவிட்டு லம்துவனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"புவாலோயை உனக்கே குடுத்துடறேன் லம்துவன். மனசாரக் குடுக்கறேன்."

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"நீ நல்லா பாத்துப்ப."

"எத்தனை நிமிஷத்துக்கு?"

பிரபாயின் முகம் சிவந்தது. "மத்தவங்களுக்கெல்லாம் செஞ்சிருக்கியாமே. எனக்குன்னா மட்டும் பேச்சா?"

"செய்யறேன். கையெழுத்தும் போடறேன், பாவத்தையும் வாங்கிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. முடியற வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்து பேசணும். அதுக்குக் கண்ணு தெரியாது. உங்க குரல் ஒண்ணுதான் தெரியும்."

"ஐயோ, நான் பாக்க மாட்டேன்!"

"பாக்க வேணாம். எப்பவும்போல மூஞ்சியத் திருப்பிக்குங்க."

"பக்கத்துல நின்னாலே பாவத்துல பங்கு வரும். படிச்சவ சொல்றேன், கேளு."

லம்துவன் இதை எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள். பாலூட்டி வளர்த்தவர்கள், கட்டிலில் இடம் கொடுத்தவர்கள், பூனைக்குக் கேக் வெட்டியவர்கள், அத்தனை பேரும் இந்த இடத்தில் செருப்பைத் தேடினார்கள். வேறு எந்த ஆசையும் அவளுக்கு இந்த வேலையில் மிச்சமில்லை. ஒரு பிராணியாவது தனக்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கச் சாக வேண்டும்.

பிரபாய் தானப் பத்திரத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அதுவரை லம்துவனைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. அன்றைக்கு இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கதவு சாத்திய ஓசைக்குப் பூனை தலையைத் தூக்கியது. மேசை விளிம்பை நோக்கி நகரப் பார்த்து, முடியாமல் விழுந்து, கத்த ஆரம்பித்தது. லம்துவன் தடவிக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு "என் பட்டு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். பூனை அவள் விரலை ஒதுக்கிவிட்டுக் கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பியது.

"டாக்டர், தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டு, போனில் பிரபாயைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். போனைப் பூனையின் காதருகே வைத்தாள்.

"டீச்சர், இது அழுதுக்கிட்டே இருக்கு. நீங்க எப்படிக் கொஞ்சுவீங்க? எனக்கு வர மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுப்பது என்றதும் தலைமையாசிரியைக்குத் தெம்பு வந்துவிட்டது. "உன் குரல் கட்டை. மெல்லிசா ஆரம்பிக்கணும். 'அம்மா இங்கதான இருக்கேன், என் பட்டு...' இந்த மாதிரி."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"'அம்மா எங்கயும் போகலடா...'"

பூனையின் காது திரும்பியது. கத்தல் நின்றது. மோவாயைப் போன் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. டாக்டர் லம்துவனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். முதல் ஊசியில் தூங்கியது, இரண்டாவதில் அடங்கியது. அதுவரை பிரபாய், எங்கே சொறிய வேண்டும், எந்தத் தாலாட்டுப் பிடிக்கும் என்று பாடிக்கூடக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்? அழுகை நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. முடிஞ்சிடுச்சு டீச்சர். நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே போச்சு. உங்க குரல் மேலதான் தலைய வச்சிருந்துச்சு."

லம்துவன் காத்திருந்தாள். அந்த நேரத்தில் ஒரு விம்மல் கேட்டிருந்தால், இருபத்தாறு வருஷத்துக் கோபத்தையும் அங்கேயே விட்டிருப்பாள்.

"அப்போ..." என்றாள் பிரபாய், "அந்தப் பாவம் எனக்கும் வருமா?"

"வராது டீச்சர். அதுக்குப் பக்கத்துல நிக்கணும். நீங்கதான் நிக்கலையே."