சைகோனில் சாலையைக் கடந்தது

மூணாறில் இப்போது வியட்நாம் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கொச்சியில் விமானம் ஏறினால் சைகோனில் இறங்கிவிடலாம். போய் வந்தவன் என்று என்னிடம் யோசனை கேட்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைப் பற்றியும், பைக்கில் வந்து செல்போனைப் பறிக்கிறவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வேன். சாலையைக் கடக்கிற பேச்சு வந்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடும்.

நான் எஸ்டேட் சாலைகளில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். எங்கள் ஜீப் முதலாளி போன வருடம் ஓட்டுநர்களைக் குடும்பத்தோடு சைகோனுக்கு அழைத்துப் போனார். இரண்டாம் நாள் காலை, ஹோட்டலுக்கு எதிரே இருந்த சந்தைக்குப் போவதற்காகச் சாலையோரம் வந்து நின்றோம். ஐயோ, அது சாலையா? மதகைத் திறந்துவிட்ட மாதிரி பைக்குகள் வந்துகொண்டே இருந்தன. ஓய்ந்த பாடில்லை. சிக்னலை ஒருவரும் சட்டை செய்யவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் கோட்டயத்துக்காரி. நடுவில் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது, ஒரே சீராக நடந்தால் வண்டிகள் தாமே விலகிப் போகும் என்று மலையாளத்தில் இரண்டு முறை சொன்னாள்.

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க, எனக்கு பயமா இருக்கு. நான் ரூம்லயே இருந்துக்கிறேன்" என்றாள்.

"நான் இருக்கேன்ல? என் கையப் பிடிச்சுக்க. விடமாட்டேன்" என்றேன். பதினெட்டு வருடமாகக் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிற திமிர் எனக்கு.

பாதிச் சாலை வரை சரியாகத்தான் போனோம். திடீரென்று ஒரு பஸ் ஹார்ன் அடித்தபடி எங்களைப் பார்த்து வந்தது. என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் நிற்கிறேன். என் கையில் அவள் கை இல்லை.

அவள் நடுச்சாலையில் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள். தேயிலைக் காட்டில் யானை எதிர்ப்பட்டால் பெண்கள் அப்படித்தான், மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பஸ் அவள் சேலையை உரசுகிற மாதிரி போனது. "வா புள்ள, வந்துரு!" என்று கத்தினேன். நான்தான் இறங்கிப் போய் அழைத்து வந்திருக்க வேண்டும். செத்துப்போய்விடுவாள் என்று நினைத்தேன். அப்போதும் என் கால் அசையவில்லை.

வழிகாட்டிப் பெண்தான் ஒரு கையை உயர்த்தியபடி நடந்து போய், தோளைத் தொட்டு அவளை அழைத்து வந்தாள்.

வெட்கத்தை மறைக்க நான் எரிந்து விழுந்தேன். "நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? ஏன் நின்ன?"

அவள் அழவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆனை வந்தாலும் இப்படித்தான் என்னைய விட்டுட்டு ஓடுவீங்களா?" என்றாள்.

சந்தையில் என்ன வாங்கினோம் என்பது நினைவில்லை. திரும்பும்போது சாலையோரத்தில் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.