அலவத்துகொடைக்குக் கார் வாங்கப் போன நாள்

காலை 5.10. ஹேவாஹெட்டயிலிருந்து கண்டி பஸ் புறப்பட்டது. திவ்யா, கவின், நீங்கள் இருவரும் அத்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்களை அழைத்துப் போகாததற்குக் காரணம், கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளை எரித்த கலவரம் அடங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஊரடங்கை எடுத்துவிட்டார்கள் என்றாலும் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.

ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்கு முப்பது கிலோமீற்றர் சொல்வார்கள். வளைவுகள் அதிகம் என்பதால் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். டிக்கெட் எழுபது ரூபாய். கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

"என்னாண்ணே, ஆட்டோவ என்னா செஞ்சீங்க?"

"வித்துட்டேன். கார் வாங்கப் போறேன்."

"கார் வாங்கப் போற ஆளு எழுவது ரூவா பஸ்ஸுலயா போறது?"

"கார் இருந்தா நான் எதுக்கு உன் பஸ்ஸுல ஏறப் போறேன்?"

பின்னால் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். ஆட்டோ விற்ற பணம், உங்கள் அம்மா ஐந்து வருடம் குவைத்தில் வேலை செய்து சேர்த்தது, இரண்டும் சேர்ந்து இருபத்துநான்கு இலட்சம். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. கவினுக்கு மூச்சு இழுப்பு வரும் நாட்களில், பக்கத்தில் கதவில்லாத ஆட்டோவில் பனிக்காற்றோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு இறங்கினால், போய்ச் சேரும்போது இழுப்பு இரண்டு மடங்காகிவிடும். மூடின வண்டி வேண்டும், எரிபொருளும் குறைவாகக் குடிக்க வேண்டும். அதனால்தான் பெற்றோலும் பெட்டரியும் சேர்ந்து ஓடுகிற சின்ன ஹைபிரிட் கார் தேடினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக். ஆட்டோவும் கையில் இல்லை. இந்தக் கார் தவறினால் மறுபடி பஸ்தான்.

காலை 7.25. கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். அலவத்துகொட பதினைந்து கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவம் நின்றது. போர் முடிந்தபின் எடுத்துப் போயிருந்த மணல் மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஒரு சிப்பாய் ஏறி அடையாள அட்டைகளைப் பார்த்தான். என்னுடையதை வாங்கி, பெயரைப் படித்து, "ஹேவாஹெட்ட?" என்றான். "ஓவ்" என்று சிங்களத்தில் ஆமோதித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்கப்பால் ரோட்டோரத்தில் சில கடைகளின் இரும்புக் கதவுகள் கரிந்து வளைந்திருந்தன.

காலை 8.20. அலவத்துகொடையில் காரை விற்கும் ரிஸ்வி நானா ரோட்டுக்கே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். போனில் பேசியபோதே, "தம்பி, பெட்டரி கொஞ்சம் வீக். செவப்பு லைட் வருது. அத மறச்சி நான் விக்கிறல்ல. அதுக்குத்தான் வெலய கொறச்சீக்கிறேன்" என்று சொன்னவர். நல்ல பெட்டரியோடு அந்த வகைக் கார் இருபத்தேழுக்குக் குறைய எங்கும் இல்லை. இவர் இருபத்துநான்குக்குச் சம்மதித்திருந்தார். பெட்டரி எவ்வளவு வீக் என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். முழுவதும் மாற்றுவதென்றால் இன்னும் மூன்று இலட்சம் வேண்டும், அதற்கு வழியில்லை.

வீட்டுப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் கார் நின்றது. வெள்ளி நிறம், பின்கதவு மேலே தூக்கித் திறப்பது, நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். அதற்கு முன்னால், ரோட்டைப் பார்த்தபடி, நீலத் தார்ப்பாய்ப் படங்கு போர்த்திய, கூரையில்லாத நான்கு சுவர். அது என்னவென்று நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து பிளேன் டீ வந்தது. குடித்துவிட்டுக் காரில் ஏறிப் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். அப்போதும் சத்தமில்லை.

"ஸ்டார்ட் ஆகலயே நானா."

"அல்லாவே, ஸ்டார்ட்லதான் இருந்திச்சி. நீங்கதான் நிப்பாட்டினது. இது ஆட்டோ இல்ல தம்பி, ஊரக் கூட்டிச் சத்தம் போடாது."

காலை 9.30. கெலிஓயாவுக்குப் புறப்பட்டோம். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் செல்வம் ஹைபிரிட் வேலை செய்கிறான். கண்டி, பேராதனை தாண்டி முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நானாதான் ஓட்டினார். வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் நான்கு கண்ணாடியும் இறக்கியே இருந்தன. ஏசி வேலை செய்யாதோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஏசி போடலாமா நானா?"

"காத்து நல்லந்தானே" என்றார். பிறகு தானாகவே, "ஏசி நல்லா ஈக்கிது. அங்க போய் போட்டுப் பாருங்க" என்றார்.

அக்குறணை ஏற்றத்தில் மீற்றர்ப் பலகையில் சிவப்பு முக்கோண லைட் எரிந்தது. அவர் அதை விரலால் தட்டிக் காட்டினார். "இதத்தான் சொன்னது."

வழியெல்லாம் கன நேரம் வாகன வரிசையில் நின்றோம்; கவினின் இழுப்பையும் செவ்வாய்க்கிழமை கிளினிக்கையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கெலிஓயா போய்ச் சேர 11.40. வெள்ளிக்கிழமை என்பதால் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டார். சாவியையும் பதிவுப் புத்தகத்தையும் என் கையிலேயே தந்துவிட்டுப் போனார். நான்கு மணி நேரத்துக்கு முன்னால் என் முகத்தையே பார்த்திராத மனிதர்.

செல்வம் சோதிக்கும் மெஷினைக் காரில் கொளுவினான். திரையில் பெட்டரியின் ஒவ்வொரு பங்கும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"பெட்டரி செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சா? எல்லாம் ஒரே அளவு காட்டுது. சூடு மட்டுந்தான் ஏறுது. பொறுங்க."

ஹைபிரிட்டில் பின்சீற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது, பெட்டரிக்குக் காற்றடிக்க. அதன் வாயில் உள்ள வலையைக் கழற்றி வெளியே எடுத்தான். கறுப்புப் பஞ்சு மாதிரி புகைக்கரி அப்பிக்கிடந்தது. செல்வம் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"என்னாண்ணே இது, கராம்பு வாட அடிக்குது!"

நானும் முகர்ந்து பார்த்தேன். கராம்பு, மிளகு, ஏலம், எல்லாம் கருகின வாசம். பிரியாணிச் சட்டி அடிப்பிடித்தது மாதிரி.

செல்வம் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, கேளுங்க. பெட்டரில ஒரு கோளாறும் இல்ல. மூச்சு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். கழுவிப் போட்டா லைட்டு எரியாது. நாலாயிரம் ரூவா வேல. அந்தாளு வந்தா வாயத் தொறக்காதீங்க. பெட்டரி வீக்குன்னே இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் கராஜ் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இருபத்தேழு கேட்பார், கேட்பது நியாயம். என்னால் கொடுக்க முடியாது. பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான். சொல்லாவிட்டால் கார் நமக்கு.

1.20க்கு நானா தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபடி வந்தார். நான் சொல்லிவிட்டேன். பெரிய நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். காரில் உள்ள குறையை அவர் போனிலேயே என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்ன ஆளிடம் நிறையை மட்டும் எப்படி மறைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. செல்வம் ஸ்பானரை நிலத்தில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"பெட்டரி நல்லமா?" என்றார் நானா.

"நல்லம். கரிதான் அடைச்சிருக்கு."

அவர் அந்த வலையைக் கையில் எடுத்தார். முகரவில்லை, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லைட் எதுக்கு எரியிதுண்டு எனக்குத் தெரியா. மணம் தெரியும். எங்கட ஸ்டோர்ல கராம்பு இருவது மூட, மொளகு நாப்பது மூட. மூணு நாள் எரிஞ்சிச்சி. கார் பின்னால நின்டது, அத விட்டுட்டாங்க. அன்டயிலருந்து கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டா ஸ்டோர் மணக்கும். பிள்ளைகள் ஏற மாட்டேங்குதுகள். மக வாந்தி எடுத்துட்டா. அதுக்குத்தான் விக்கிறது. பெட்டரி ஒரு பேச்சுக்கு."

செல்வம் குனிந்து ஸ்பானரை எடுத்தான். விசிறியைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ஏசி பில்டரையும் மாற்றிப் பூட்டினான். சிவப்பு முக்கோணம் அணைந்துவிட்டது. அவன் என்னைத் தனியே இழுத்து, "இப்ப மணமும் போச்சு. இனி அவரு எதுக்கு விக்கிறாரு? நீங்க பஸ் காச எடுத்து வைங்க" என்றான்.

பிற்பகல் 3.05. கண்டிக்குத் திரும்பினோம். இந்தத் தடவை நான் ஓட்டினேன். ரிஸ்வி நானா பக்கத்தில். கெலிஓயாச் சந்தி தாண்டியதும், "கண்ணாடியெல்லாம் ஏத்துங்க தம்பி. ஏசியப் போடுங்க" என்றார்.

ஏற்றினேன். போட்டேன். குளிர்காற்று வந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. சவர்க்காரத் தண்ணீர் காய்ந்த மாதிரி இலேசாக ஏதோ, அவ்வளவுதான். அவர் கண்ணை மூடியிருந்தார். பேராதனைப் பாலம் வரைக்கும் மூடியபடியே இருந்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இப்போது சொல்லப் போகிறார், 'கார் எனக்கே இருக்கட்டும்' என்று, இதோ சொல்லப் போகிறார், என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

பாலத்தில் கண்ணைத் திறந்தார்.

"இன்னம் ஈக்கிது" என்றார்.

"என்னா நானா?"

"கராம்பு." தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "கதச்ச வெல கதச்சதுதான். எடுங்க."

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அப்பால் காரை ஓரம் கட்டினேன். அவர் உள்ளேயே இருந்து உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். நான் கொண்டுவந்திருந்த பேங்க் டிராப்டை வாங்கி மடித்தார். "மகனுக்கு சொகமாகட்டும்" என்று சொல்லிவிட்டு மாத்தளை பஸ்ஸில் ஏறினார். காரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை 5.40. தலாத்துஓயா தாண்டி ஏற்றத்தில் பனி இறங்கியது. ஓரமாக நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, ஏசி வாயில் மூக்கை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை. அவருக்கு உண்மையாகவே மணத்ததா, நமக்காகச் சொன்னாரா? போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். இரண்டில் எது என்றாலும் கேட்கக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தெரியவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்ததும் உங்கள் இருவரையும் ஏற்றிக் கதவை மூடி, "ஏதும் மணக்குதா?" என்று கேட்டேன். கவின், நீ மூச்சை இழுத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லயேப்பா. எதுக்குக் கேக்குறீங்க?" என்றாய். நான் "சும்மா" என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு அன்று சொல்லாத பதில்தான் இது.