அளவுக்கு நின்றவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் எங்களுக்கு ஆற்றங்கரைப் பார்க்தான். கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிது. அப்பாவுக்கு ரஞ்சன்காவில் வேலை, எங்களுக்குக் கராடியில் வீடு. பார்க்குக்குப் பின்னால் இருந்த கட்டடங்களில் அப்பாவின் தொழிற்சாலைக்கு வந்திருந்த சீனர்கள் மொத்தமாகக் குடியிருந்தார்கள். ரிக்‌ஷாக்காரரிடம் “சீனா பில்டிங்” என்றால் போதும், முளா-முட்டா ஆற்றின் நாற்றம் மூக்கில் ஏறும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பார்க்கிலும் பாதிப் பேர் அவர்களே. ஆண்கள் மரத்தடியில் சீட்டாடுவார்கள். பெண்கள் பிளாஸ்கிலிருந்து வெறும் வெந்நீரை ஊற்றிக் குடிப்பார்கள். காபி இல்லாமல் ஒரு பிளாஸ்க் எதற்கு என்பது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர்களில் ஒரு ஆன்ட்டி எப்போதும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். அப்பாவின் தொழிற்சாலையில்தான் அவளும் வேலை பார்த்தாள். ஒருநாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, திருப்பி நிறுத்தி, பின்னியிருந்ததை என் முதுகில் விரித்துப் பார்த்தாள். “ஸீதா” என்றாள். நேராக நிற்கச் சொல்ல அவளிடம் இருந்த இந்தி அவ்வளவுதான். அதிலிருந்து வாராவாரம் போய் நிற்பது என் வேலையாயிற்று. நல்ல ரோஜா நிறம். என் முதுகில் அளந்தால் அது என் ஸ்வெட்டர்தானே? வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு சிநேகிதிக்கு இரவல் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வளர்கிற பிள்ளையை இப்படி அளக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவளுடைய கணக்கு. எனக்குச் சளி பிடித்ததும் அது உறுதியாகிவிட்டது.

“ஏனுங்க, அந்தம்மா புள்ளைய வாராவாரம் அளக்குது. எனக்கு ஒண்ணும் புடிக்கலீங்க.”

“ஸ்வெட்டர் பின்றவங்க அளக்காம என்ன பண்ணுவாங்க?” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி இருமிக்கொண்டே வந்து என்ன சமையல் என்று விசாரித்துவிட்டுப் போனார். நெடி வந்தால் கண்ணே படவில்லை என்றுதான் அர்த்தம் என்பதை அப்பா நினைவுபடுத்தினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில வாரங்களுக்குப் பார்க் நின்றுபோனது. என் ஸ்வெட்டர் அரைகுறையாக நிற்கிறதே என்று நான் அழுது அடம்பிடித்துத்தான் மறுபடி அழைத்துப் போனாள்.

எங்களைப் பார்த்ததும் ஆன்ட்டி ஓட்டமாக வந்தாள். அவள் ஸ்வெட்டரை விரிப்பதற்குள் அம்மா என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “இது ஆருக்குன்னு கேளு” என்றாள் என்னிடம். அம்மாவுக்கு இந்தி வராது. பள்ளிக்கூடத்து இந்தியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்குத்தான் என்று அவள் வாயாலேயே வரட்டும் என்று ஜம்பமாகக் கேட்டேன்.

மகளுக்கு என்றாள்.

மீதியைத் துண்டு துண்டான இந்தியிலும் சைகையிலுமாகச் சொன்னாள். என் வயதுதானாம். ஊரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று வருஷமாம். ஃபோனில் உயரம் சொல்கிறார்களாம், ஆனால் அது கைக்குத் தெரியவில்லையாம். பைக்குள்ளிருந்து ஒரு போட்டோ எடுத்தாள். அதில் மிகச் சின்னப் பெண் ஒருத்தி, பல் விழாதவள். ஆன்ட்டி போட்டோவைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், “ஷாயத்” என்றாள். ஒருவேளை இவ்வளவு இருப்பாள்.

எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. ரோஜா நிறம் போயிற்று. வகுப்பில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்? அப்போது என் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் முதுகில் கைவைத்து அவளாகவே என்னை முன்னால் தள்ளினாள்.

“நேரா நில்லு கண்ணு. அந்தம்மா நல்லா அளந்துக்கட்டும்.”

ஆன்ட்டி ஸ்வெட்டரைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெறும் கையாலேயே அளந்தாள். தோள், முழங்கை, முதுகு. கடைசியில் கை என் உச்சந்தலைக்கு வந்தது. வந்த கையை அவள் எடுக்கவேயில்லை. இன்னும் அளந்து முடியவில்லை போலிருக்கிறது என்று, கோபம் கோபமாக வந்தாலும், நான் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.